வயிற்றில் பிள்ளையோடு வெளிநாடு: நேர் விமானமா, மாறிப் போவதா, கப்பலா?

இந்த மூன்றில் எது சொகுசு என்றுதான் பலரும் முதலில் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது வேறு. நடுவழியில் ரத்தப்போக்கோ வலியோ வந்தால், எவ்வளவு நேரத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முடியும்?

இந்தக் கணக்கில் முதலில் அடிபடுவது கப்பல். நடக்கலாம், நினைத்தபோது படுக்கலாம், டாக்டரும் இருப்பார், எல்லாம் சரி. ஆனால் அந்தச் சின்ன மருத்துவ அறையில் குறைமாதக் குழந்தையைக் காப்பாற்றும் வசதி கிடையாது. அதனால்தான் பெரிய கப்பல் நிறுவனங்கள் பலவும் 24 வாரத்தோடு கதவைச் சாத்திவிடுகின்றன. அதிலும் ஏறும் நாளை மட்டும் பார்ப்பதில்லை, பயணம் முடியும் நாளையும் பார்ப்பார்கள். 23-ஆவது வாரத்தில் ஏறி இரண்டு வாரம் சுற்றலாம் என்று போனால், துறைமுகத்தோடு திரும்ப வேண்டியதுதான். போதாக்குறைக்கு நோரோவைரஸ்: நாலு பேருக்கு வாந்திபேதி வந்தால் கப்பலில் மளமளவென்று பரவும், கர்ப்பிணிக்கு உடம்பில் தண்ணீர் வற்றுவது சின்ன விஷயமில்லை. மசக்கையே ஓயாதவர்கள் அலையாட்டத்தை நினைக்கவே வேண்டாம்.

விமானம் இவ்வளவு கறார் இல்லை. சிக்கலில்லாத ஒற்றைக் கர்ப்பம் என்றால் பெரும்பாலும் 36 வாரம் வரை ஏற்றுவார்கள். இரட்டை என்றால் பல இடங்களில் 32. 28 வாரம் தாண்டினால் டாக்டர் கடிதம் கேட்பது வழக்கம். திரும்பி வரும் தேதிக்கும் இதே கணக்குப் போட்டுப் பாருங்கள். இருப்பதிலேயே தோதான காலம் 14 முதல் 28 வாரம் வரை.

சரி, நேராகவா, மாறியா? கர்ப்பத்தில் ரத்தம் சுலபமாக உறையும். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி சேரும் ஆபத்து கூடும். அதற்கு மாறிப் போவது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அடுத்த விமானத்தைப் பிடிக்கப் பையோடு ஓடுவதும், பாதுகாப்புச் சோதனை வரிசையில் கால்கடுக்க நிற்பதும் நடைப்பயிற்சி ஆகாது. என் ஓட்டு நேர் விமானத்துக்கு. நடைபாதை ஓர இருக்கையாகப் பார்த்து எடுங்கள். மணிக்கொருமுறை எழுந்து நடங்கள். அழுத்தக் காலுறையை ஏறும் முன்பே போட்டுவிடுங்கள், கால் வீங்கிய பிறகு அது ஏறாது. இருக்கைப் பட்டை வயிற்றின் குறுக்கே போகக் கூடாது. வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்போடு படிந்து கிடக்கட்டும். உள்ளே காற்றழுத்தம் 6000 முதல் 8000 அடி உயர மலையில் இருப்பதுபோல் இருக்கும். நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு இது ஒன்றும் செய்யாது, கடும் ரத்தசோகை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஏற வேண்டாம். பயணம் மிக நீளம் என்றால் மட்டும், நடுவில் நல்ல ஆஸ்பத்திரி உள்ள ஊரில் ஓர் இரவு தங்கிப் போவதை ஒத்துக்கொள்வேன்.

போகும் இடத்தில் மலேரியாவோ, வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும் ஜிகா வைரஸோ பரவுகிறதென்றால் மூன்றுமே வேண்டாம், தள்ளிப்போடுங்கள். ஜிகாவுக்குத் தடுப்பூசி இல்லை. கொசு மட்டுமல்ல, தொற்றியிருக்கும் கணவர் மூலமும் வரும். மலேரியாத் தடுப்புக்குத் தரும் டாக்சிசைக்ளின் பொதுவாகக் கர்ப்பிணிக்கு ஆகாது.

எதில் போனாலும் பயணக் காப்பீட்டின் பொடி எழுத்தைப் படியுங்கள். தாயின் சிகிச்சைக்குப் பணம் தரும் பாலிசி, அங்கே முன்கூட்டியே பிறந்துவிட்ட குழந்தைக்கும் தரும் என்று சொல்ல முடியாது. இதை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு டிக்கெட் போடுங்கள்.