ஹோம் தியேட்டர் அமைக்கப்போகிறவர்களுக்கு: சுவரைப் பூசும் முன் இதைப் படியுங்கள்

பெங்களூரில் வீட்டுக்குள் ஹோம் தியேட்டர் அமைக்க ஆள் தேடிக்கொண்டிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ரூ.4,59,000 கொடுத்து ஏமாந்திருக்கிறேன். வழக்கு நடப்பதால் அந்த நிறுவனத்தின் பெயரை எழுத முடியாது. அவர்கள் செய்த வேலையை எழுத முடியும்.

அப்பாவுக்கு 76 வயது. தூரவாணி நகர் ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்கு ஒயரிங் செய்யும் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தவர். அல்சூரில் நாங்கள் குடியிருந்த காலத்தில், லாவண்யா தியேட்டரில் தமிழ்ப் படம் மாறினால் முதல் வாரமே போய்விடுவார். இரண்டு முழங்கால்களிலும் அறுவைச் சிகிச்சை ஆன பிறகு தியேட்டர் படிகள் அவருக்கு முடியாமல் போயின. காதும் சற்று மந்தம். டிவியில் வசனம் புரியாமல் பாதியிலேயே எழுந்து போய்விடுவார். ராமமூர்த்தி நகரில் இப்போது இருக்கும் அடுக்குமாடி வீட்டில் 14க்கு 11 அடி அறை ஒன்று சும்மா கிடந்தது. அதை அவருக்காகத் தியேட்டராக மாற்றலாம் என்று முடிவு செய்தேன்.

வந்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் என்னை ‘அக்கா’ என்றார், அப்பாவை ‘ஐயா’ என்றார். வெளியூரில் நம் பேச்சைக் கேட்டால் மனம் இளகிவிடுகிறது. என் மனமும் இளகியது. ஐந்து ஸ்பீக்கர், தாழ்ந்த, அதிரும் ஒலிக்கான ஒரு சப்வூஃபர், கூரையில் இரண்டு ஸ்பீக்கர், படத்தை ப்ரொஜெக்டருக்கும் ஒலியை ஸ்பீக்கர்களுக்கும் பிரித்து அனுப்பும் ரிசீவர், சுவர் முழுக்கத் துணிப் பலகை, ஃபால்ஸ் சீலிங், ஒயரிங் எல்லாம் சேர்த்து ரூ.5,10,000 என்றார். பாதி முன்பணம், பொருள் வந்து இறங்கியதும் 40 சதவீதம், முடிந்த பிறகு மீதி. பில் வேண்டாம் என்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சம் என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். இந்தப் பதிவில் என் தவறு என்று நான் ஒப்புக்கொள்வதில் முதலாவது அதுதான். ப்ரொஜெக்டரை மட்டும் தங்கை மகன் வற்புறுத்தியதால் கடையில் நேராக, பில்லோடு வாங்கினேன். இன்றைக்கு அந்த அறையில் ஒழுங்காக இருக்கும் பொருள் அது ஒன்றுதான்.

சுவரில் காடி வெட்டி ஒயர் இழுத்த அன்று அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “பைப் போடாமல் ஒயரை அப்படியே வைத்துப் பூசுகிறார்களே” என்றார். தரையில் கிடந்த துண்டு ஒயரை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, “இது செம்பு மாதிரி தெரியவில்லையம்மா” என்றார். வேலையாட்கள் முன்னால் அவர் குறுக்கிடுவது எனக்குச் சங்கடமாக இருந்தது. “அப்பா, இது புதுக் காலத்து வேலை, அவர்களுக்குத் தெரியும்” என்று சொல்லி அவரை உள்ளே அனுப்பிவிட்டேன். பணம் போனதைவிட அந்தச் சொல்தான் என்னை இன்னும் உறுத்துகிறது.

ஒப்படைத்த நாளில் விளக்கை அணைத்து, துப்பாக்கிச் சண்டைக் காட்சி ஒன்றைப் பத்து நிமிடம் பெரும் சத்தத்தில் ஓட்டினார்கள். நாற்காலி அதிர்ந்தது. குழந்தைகள் கைதட்டினார்கள். அந்தச் சூட்டிலேயே ‘வேலை திருப்தி’ என்று எழுதிய தாளில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். வெடிச் சத்தத்தை வைத்து எந்த அறையையும் எடைபோட முடியாது. இருவர் மெதுவாகப் பேசும் காட்சியைக் குறைந்த ஒலியில் ஓட்டச் சொல்லியிருக்க வேண்டும். வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரிலிருந்துதான் வரும். அதை அவர்கள் மர அலமாரியின் அடித்தட்டில், முழங்கால் உயரத்துக்கும் கீழே, உள்ளடங்கிய ஒரு பொந்தில் வைத்திருந்தார்கள். யாருக்காக இவ்வளவும் செய்தேனோ அவருக்கு அன்றிரவும் வசனம் புரியவில்லை.

மறுநாள் இரவு பத்தரை மணிக்குக் கீழ்வீட்டு அம்மா மேலே வந்தார். கன்னடக்காரர், கோபப்படாதவர். கட்டில் அதிர்கிறது, கணவர் இதய நோயாளி என்றார். ‘சவுண்ட் ப்ரூஃப்’ என்று வாக்குக் கொடுத்துத்தான் துணிப் பலகைக்கு மட்டும் ரூ.90,000 வாங்கியிருந்தார்கள். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள், ஆகவே இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். சுவரில் ஒட்டும் மெத்தென்ற பொருள், அறைக்குள் ஒலி எதிரொலிப்பதைக் குறைக்கும். ஒலி அடுத்த வீட்டுக்குப் போவதைத் தடுக்காது. தடுப்பதற்கு எடை வேண்டும்: சுவரைத் தொடாமல் இடைவெளி விட்டு எழுப்பிய இரட்டை ஜிப்சம் அடுக்கு, கனமான கதவு, கதவிடுக்கை அடைக்கும் ரப்பர். சப்வூஃபரின் தாழ்ந்த ஒலிக்கு அதுவும் முழுதாகப் போதாது. எங்கள் அறையின் 14 அடி நீளத்துக்கு ஏறத்தாழ 40 ஹெர்ட்ஸில் ஒலி இரண்டு சுவர்களுக்கும் நடுவே தேங்கி முழங்கும். ஓர் அங்குல ஃபோம் அதைத் தொடக்கூடச் செய்யாது. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அதன்பின் ஒன்பது மணிக்கு மேல் அந்த அறையைத் திறக்கவில்லை.

மூன்றாவது மாதம் படம் இருண்டு இருண்டு வரத் தொடங்கியது. 4கே படம் என்றால் நிமிடத்துக்கொரு முறை திரை கறுத்துப்போகும், சாதாரண எச்.டி. என்றால் ஓடும். ரிசீவரிலிருந்து ப்ரொஜெக்டர் வரை பத்து மீட்டருக்கு, படத்தை ஒளியாகக் கடத்தும் ஆப்டிக்கல் எச்.டி.எம்.ஐ. கேபிள் போடுவதாக எஸ்டிமேட்டில் இருந்தது. போட்டிருந்தது சாதாரண உலோகக் கேபிள். 4கே தரத்துக்கு வினாடிக்கு 18 ஜிகாபிட் வரை போக வேண்டும். அந்த நீளத்தில் மலிவான கேபிள் அதைத் தாங்குவதில்லை. கேபிளை மாற்றலாம் என்றால் பைப் இல்லை. சுவரை உடைத்தால்தான் வெளியே வரும்.

அதே வாரத்தில் ரிசீவரும் நின்றுபோனது. சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வரிசை எண்ணைப் பார்த்துவிட்டு, இது இந்தியாவில் விற்பதற்கான பொருளே அல்ல, 120 வோல்ட் மாடல், உத்தரவாதம் கிடையாது என்றார்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அலமாரிக்குப் பின்னால் ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரை ஒளித்துவைத்து அதன் வழியாக ஓட்டியிருக்கிறார்கள். சட்டப்படி இறக்குமதியான பொருளின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. விலை ஒட்டியிருக்க வேண்டும். எங்கள் பெட்டியை ‘குப்பை சேரும் அக்கா’ என்று அவர்களே எடுத்துப் போய்விட்டார்கள். பெட்டியைக் கொடுக்காதீர்கள்.

டிரான்ஸ்ஃபார்மரை நகர்த்தும்போது கையில் சுரீரென்றது. அப்பா ஒன்றும் பேசாமல் தன் பழைய டெஸ்ட் லாம்பைக் கொண்டுவரச் சொன்னார். பக்கத்து எலக்ட்ரீஷியனை வைத்துக்கொண்டு பார்த்தார். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே விளக்கு எரிந்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே எரியவில்லை. அவர்கள் புதிதாக வைத்த பிளக் பாயிண்டுகளில் எர்த்துக்கான மூன்றாவது துளை வெறும் துளைதான், ஒயரே இல்லை. அந்த அறையில் என் தங்கையின் குழந்தைகள் வெறுங்காலோடு விளையாடியிருக்கிறார்கள்.

அதன்பிறகு துணிப் பலகையின் ஒரு மூலையைக் கிழித்தோம். எஸ்டிமேட்டில் இருந்தது 50 மில்லிமீட்டர் ராக்வூல், அதாவது கல்லை உருக்கி இழுத்த பஞ்சு. உள்ளே இருந்தது பார்சலில் வரும் வெள்ளை ஃபோம். மொட்டை மாடியில் ஒரு துண்டை வைத்துத் தீக்குச்சி காட்டினோம். பற்றி, உருகி, சொட்டுச்சொட்டாக எரிந்தது. ராக்வூல் எரியாது. எரியும் இந்தப் பொருளுக்குப் பின்னால்தான் டேப் சுற்றிய ஒயர் இணைப்புகள் இருந்தன. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஸ்பீக்கர் ஒயரை அப்பா பிளேடால் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி போல வெளுப்பு: செம்பு முலாம் பூசிய அலுமினியம். அவர் முதல் நாள் சொன்னது அப்படியே சரி. இவ்வளவு குறைந்த தூரத்துக்கு அந்த வேறுபாடு காதுக்குத் தெரியாமல்கூடப் போகலாம் என்று நேர்மையான டெக்னீஷியன் ஒருவர் பின்னர் சொன்னார். இருக்கட்டும். தூய செம்பு என்று எழுதி, செம்பின் விலையை அல்லவா வாங்கினார்கள்?

போனில் கேட்டபோது ‘அக்கா’ போய் ‘மேடம்’ வந்துவிட்டது. “நீங்கள்தானே திருப்தி என்று கையெழுத்துப் போட்டீர்கள்” என்றார். பிறகு எண்ணைத் தடுத்துவிட்டார்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிந்தேன். வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். பதில் வராததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். பில் இல்லாத எனக்குக் கைகொடுப்பவை வாட்ஸ்அப்பில் வந்த எஸ்டிமேட்டும் வங்கி வழியாகப் போன பணத்தின் பதிவும்தான். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அதுவும் இருந்திருக்காது.

நீங்கள் யாரை வைத்துச் செய்தாலும் சரி, பூச்சுக்கு முன் ஒருநாள் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். திறந்த சுவரையும் கூரையையும் போட்டோ எடுங்கள். எச்.டி.எம்.ஐ. முனை நுழையும் அளவுக்கு ஒன்றரை அங்குல பைப்பாவது இருக்கிறதா, மின்சார ஒயர் தனிப் பைப்பில் போகிறதா, எர்த் இருக்கிறதா என்று வேறொரு எலக்ட்ரீஷியனை அழைத்துப் பாருங்கள். அவருக்குக் கொடுப்பது சில நூறு ரூபாய்தான். துணி போர்த்துவதற்கு முன் உள்ளே வைக்கும் பொருளைத் தொட்டுப் பாருங்கள். பொருள் வந்ததற்கு 40 சதவீதம் கொடுக்காதீர்கள். சோதித்த பிறகு கொடுங்கள். வீட்டில் விஷயம் தெரிந்த பெரியவர் ஒருவர் கேள்வி கேட்டால் அவரை உள்ளே அனுப்பாதீர்கள்.

அறையின் ஒரு பக்கச் சுவரை இப்போது உடைத்திருக்கிறோம். பைப் போடும் வேலையை அப்பாதான் மேற்பார்க்கிறார். ஒவ்வொரு ஒயரின் முனையிலும் அது எங்கே போகிறது என்று தன் கையாலேயே சீட்டு எழுதிக் கட்டியிருக்கிறார். வழக்கு விசாரணை அடுத்த மாதம். சுரண்டிய அந்த ஒயர்த் துண்டை மாத்திரை டப்பாவில் போட்டு, தேதி எழுதி, எனக்காக எடுத்துவைத்திருக்கிறார்.