கைமணி செட் வாடகைக்கு எடுக்கும் சபைகள் கவனிக்க

கிறிஸ்துமஸ் சமயத்தில் கைமணி விழா (ஆளுக்கு ஓரிரு சுர மணிகளைக் கையில் பிடித்து, குழுவாகப் பாட்டு இசைப்பது) நடத்த நினைக்கும் கொயர் மாஸ்டர்கள், அதாவது பாடகர் குழுவை நடத்துபவர்கள், தயவுசெய்து இதைப் படியுங்கள். எங்களுக்கு நடந்தது இன்னொரு சபைக்கு நடக்கக் கூடாது.

தமிழக - கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள சேகரங்களின் (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளின்) வாலிபப் பிள்ளைகளை மார்த்தாண்டத்தில் கூட்டி, எல்லாரும் ஒரே நடத்துநரின் கையசைவுக்குச் சேர்ந்து மணி இசைப்பதுதான் திட்டம். ஒரு பள்ளியில் இரவல் வாங்கிய அலுமினியக் குழாய் சைம்களில் பயிற்சி முடித்தோம். விழாவுக்கு மூன்று ஆக்டேவ் (ஸ்தாயி) வெண்கல மணி செட் தேவைப்பட்டது. திருவனந்தபுரத்தில் இசைக்கருவிகள் வாடகைக்கு விடும் ஒரு நிறுவனம், "எல்லாம் இருக்கு சாரே, மேசை, ஃபோம், கையுறை சேர்த்தே தரலாம்" என்றது. 37 மணி என்று கொட்டேஷனில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். 40,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தோம்.

விழா அன்று காலை வந்த பெட்டிகளில் இருந்தவை, பாலர் பள்ளிகளில் வைத்திருக்கும் எட்டுச் சுரக் கலர் மணிகள், நான்கு செட். அதோடு பூஜை மணி போன்ற பித்தளை மணிகள் ஒரு குவியல். ஃபோம் கிடையாது, கல்யாணப் பந்தி மேசையும் விரிப்பும் வந்தன. மணியைக் கீழே வைத்தால் டொக்கென்று சத்தம் வரும் மேசை!

இதில் பெரிய கொடுமை என்ன என்று கைமணி தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும். பாட்டுக் குழுவில் ஒருவர் வராவிட்டால் பக்கத்தில் நிற்பவர் சமாளித்துவிடுவார். இங்கே அது நடக்காது. பொதுவாக ஒருவர் கையில் இரண்டு மணி. அந்தச் சுரங்கள் பாட்டில் எங்கே வந்தாலும் அவர்தான் அடிக்க வேண்டும். கலர் மணிகளில் ஷார்ப், ஃபிளாட் எனும் அரைச் சுரங்கள் எதுவுமே இல்லை. எங்கள் பாட்டுகள் பெரும்பாலும் ஜி மேஜர் சுரவரிசையில், எஃப் ஷார்ப் இல்லாமல் ஒரு வரி நகராது. மாதக்கணக்கில் எஃப் ஷார்ப் பழகிய நெய்யாற்றின்கரைப் பிள்ளை வெறும் கையுறையோடு மேடை ஓரத்தில் நின்று அழுதது. மற்ற மணிகளும் ஒன்றுக்கொன்று சுருதி சேரவில்லை. கடைசியில் பிள்ளைகளைப் பாட மட்டும் வைத்து விழாவை முடித்தோம்.

அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டால், "மணி கொண்டு வந்தோமே" என்கிறார்கள். வழக்குப் போடுவதென்றால் திருவனந்தபுரத்துக்கு வா என்று மிரட்டல் வேறு. அதற்குப் பயப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் கடை இருந்தாலும் நமக்கு நாகர்கோவில் போதும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகாரைப் பதிந்துகொள்ளுங்கள். நாங்கள் இரண்டையும் செய்திருக்கிறோம். மனு நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை.

அப்புறம், செட்டை அடையாளம் காண்பது பற்றி. நிஜமான இசைக் கைமணியில் உள்ளே இருக்கும் நாக்கு முன்னும் பின்னும் மட்டும்தான் போகும். சும்மா அசைத்தால் ஒலிக்காதபடி ஸ்பிரிங் பிடித்திருக்கும். பூஜை மணியின் நாக்கு எல்லாப் பக்கமும் ஆடும். வீடியோ காலிலேயே இது தெரிந்துவிடும். கைப்பிடியில் சுரத்தின் எழுத்தும் ஆக்டேவ் எண்ணும் இருக்கும். இரண்டு ஆக்டேவ் என்றால் 25 மணி, மூன்று என்றால் 37. ஒவ்வொன்றையும் போனில் சுருதி காட்டும் ட்யூனர் ஆப் முன்னால் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் அங்கேயே விட்டுவிடுங்கள். வெண்கலத்துக்குப் பதில் சைம் தருகிறோம் என்று வெளிப்படையாகச் சொன்னால் அது மோசடி இல்லை, தாராளமாக எடுக்கலாம். ஒலி கொஞ்சம் மென்மையாக இருக்கும், அவ்வளவுதான்.

திருவனந்தபுரம் ஆட்களிடம் இதே மாதிரி ஏமாந்த சேகரங்கள் இருந்தால் கொட்டேஷன், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காமல் எங்களிடம் சொல்லுங்கள். எங்கள் மனுவோடு உங்கள் ஆதாரமும் சேர்ந்தால் ஆணையத்தின் முன் கை வலுக்கும்.