வியாசர்பாடித் தகட்டுப் பட்டறையில் உருவான கணினிப் பெட்டி

கணினிப் பெட்டியைத் தாமே வடிவமைத்துச் செய்துகொள்ள விரும்புவோருக்கு, வியாசர்பாடியில் உள்ள இந்தத் தகட்டுப் பட்டறையை மனமாரப் பரிந்துரைக்கிறேன். 170 மி.மீ. சதுரமான மினி ஐடிஎக்ஸ் என்னும் சிறிய வகை மதர்போர்டுக்கு நான் வரைந்த டிஎக்ஸ்எஃப் என்னும் கணினி வரைபடக் கோப்பைப் பெற்றதும், உரிமையாளர் உடனே லேசரை ஓட்டிவிடவில்லை. 2 மி.மீ. அலுமினியத்தின் கழிவுத் துண்டொன்றை முதலில் வளைத்து, வெர்னியர் அளவுகோலால் அளந்து, "வளைவுல தகடு இவ்வளவு நீளும் தம்பி, அதைக் கழிச்சுட்டுத்தான் வெட்டணும்" என்று விளக்கிய பிறகே வேலையைத் தொடங்கினார். அந்தப் பொறுமையின் பலனாக, 120 மி.மீ. மின்விசிறிக்குரிய நான்கு துளைகளும் 105 மி.மீ. இடைவெளியில் துல்லியமாக அமைந்தன. விளிம்பில் விரலை ஓட்டினால் பிசிறு தட்டுப்படவில்லை.

கூலி நியாயமானதே. ஆனால், மொத்த ஆர்டர்கள் வந்துவிட்டால் ஒற்றைப் பெட்டி வேலை பின்னுக்குப் போய்விடுகிறது.

பவுடர் கோட்டிங்கை (தூளைச் சூட்டில் உருக்கிப் படியவைக்கும், மின்சாரம் கடத்தாத பூச்சு) வெளியே கொடுத்துச் செய்து தருகிறார்கள். குறை இருப்பது அதில்தான். மதர்போர்டைத் தாங்கும் திருகுகளின் வழியாகவும் எர்த் இணைப்பு பெட்டியைச் சென்றடைவதால், அவ்விடங்களில் வெற்று உலோகம் தெரிய வேண்டும். எனக்கு வந்த பெட்டியிலோ திருகு மறைகள் உட்படப் பூச்சு மூடியிருந்தது. எங்கெங்கே பூச்சு கூடாது என்பதை வரைபடத்திலேயே குறித்துக் கொடுத்துவிடுங்கள்.