கிராமத்து மதகு யார் பொறுப்பு?

கிராம அபிவிருத்தி மாகாண சபைகளுக்குரிய விடயம் என்று இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் எழுதியே வைத்திருக்கிறது. ஆனாலும் ஓர் ஊருக்கு எந்த வீதி, எத்தனை வீடு என்பது இன்றும் பெரும்பாலும் கொழும்புக் கோட்டையிலுள்ள திறைசேரியிலும் பத்தரமுல்லையில் அமைச்சு அலுவலகங்கள் இருக்கும் செத்சிறிபாயவிலும்தான் முடிவாகிறது. வடக்கிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து விடியற்காலை வெள்ளவத்தையில் இறங்கும் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர்கள் கோப்பும் கையுமாக நிற்பது அதனால்தான்.

காசாகக் கொடுக்கும் உதவியை மத்திய அரசே நடத்துவது நல்லது என்பது என் முடிவு. மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம் வழியாக 14,000க்கும் மேற்பட்ட கிராம அலுவலர் பிரிவுகளை எட்டும் வலை வேறு எவரிடமும் இல்லை. 2023இல் தொடங்கிய அஸ்வெசும என்ற நலன்புரிக் கொடுப்பனவில் தகுதியானவர்கள் பலர் விடுபட்டார்கள்; மேன்முறையீடுகள் இலட்சக்கணக்கில் குவிந்தன. அப்படியிருந்தும், அளவுகோல் நாடு முழுவதற்கும் ஒன்று. வட்டார உறுப்பினரின் வீட்டு வாசலில் ஓர் ஏழைத் தாய் காத்துக் கிடக்க வேண்டியதில்லை.

கட்டுமான வேலை என்று வந்தால் கதை வேறு. நிதியாண்டு டிசெம்பர் 31இல் முடிகிறது. ஒதுக்கீடு கிடைத்து, மதிப்பீடு தயாராகி, ஒப்பந்தம் கைச்சாத்தாவதற்குள் ஆண்டின் பெரும்பகுதி கழிந்துவிடும். வடக்கிலும் கிழக்கிலும் ஒக்டோபரில் மாரி தொடங்கிவிடுகிறது. வாய்க்காலில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடும்போது மதகுக்கு அத்திவாரம் வெட்டுகிறார்கள். பணம் திரும்பிப் போய்விடும் என்ற பதற்றத்தில் கொங்கிரீட் இறுகுமுன்பே இருபுறமும் மண் நிரப்புகிறார்கள். அடுத்த வெள்ளத்தில் அந்த மண் வயலுக்குள் கிடக்கிறது. ஆவணிக்குள் முடிக்க வேண்டிய வேலை இது என்பது அங்கே விதைக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். அட்டவணை போடுகிறவர்களுக்குத்தான் தெரியவில்லை.

ஊர் மக்கள் தேர்ந்தெடுக்கும் உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபைக்கும் அதே நிதியாண்டுதான். ஆனால் தன் வருமானத்தில் செய்யும் வேலையை அது கோடையிலேயே தொடங்கலாம். கஷ்டம் என்னவென்றால், ஆதனவரி சொற்பம். பல சபைகள் ஊழியர் சம்பளத்துக்கே அரசின் கையை எதிர்பார்க்கின்றன. தொழில்நுட்ப உத்தியோகத்தர்களும் போதாது. தவிசாளரின் வட்டாரத்துக்குத் தார், மற்ற வட்டாரங்களுக்குக் கிரவல் என்ற பாகுபாடும் உண்டு. இருந்தும் தவிசாளரை ஊர்ச் சந்தையில் மறித்துக் கேட்கலாம், அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். அந்த உரிமையைக்கூட மக்கள் இழந்திருந்தார்கள்: 2023 மார்ச்சில் கலைந்த சபைகளுக்கு 2025 மே மாதத்தில்தான் தேர்தல் நடந்தது.

இடையில் நிற்க வேண்டிய மாகாண சபைகளோ 2019க்குப் பிறகு ஒன்றுகூட மக்கள் பிரதிநிதிகளிடம் இல்லை. ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர்களே நடத்துகிறார்கள். ஆகவே மாகாணத்தின் வழி என்பதும் இப்போது கொழும்பின் வழிதான். சபைத் தேர்தலைத் தள்ளிப்போடுவது கிராமத்தின் பணத்தைப் பிடித்து வைப்பதற்குச் சமம்.

உள்ளூர் ஆட்சி என்றாலே நியாயம் கிடைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் மலையகத்தைப் பார்க்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவு, சபையின் பணம் தோட்டங்களுக்குள் போகத் தடையாக இருந்தது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் வாழும் மக்கள் வாக்களித்து உறுப்பினர்களை அனுப்பினார்கள். அந்த உறுப்பினர்களால் தங்களை அனுப்பியவர்களின் பாதையைத் திருத்த முடியவில்லை. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. வீதியையும் மதகையும் கிணற்றையும் பிரதேச சபையிடம் கொடுங்கள் என்று நான் கேட்பது தோட்டத்து வீதிகளையும் சேர்த்துத்தான். அதற்கான நிதி ஜனவரியிலேயே போய்ச் சேர வேண்டும். மதிப்பீட்டையும் பற்றுச்சீட்டையும் அந்தந்த ஊரில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும்.