முதல் பதிப்பா, திருத்திய பதிப்பா, தனிப்படியா? அரிய அறிவியல் நூல் வாங்குமுன் ஓர் அலசல்

நாவலின் இரண்டாம் பதிப்பு பெரும்பாலும் அதே நாவல்தான். அறிவியல் நூல் அப்படியல்ல. இரண்டாம் பதிப்பில் ஆசிரியர் தன் எதிராளிக்குப் பதில் சொல்லியிருப்பார், தவறான கணக்கைத் திருத்தியிருப்பார், சில சமயம் துணிந்து சொன்ன ஒன்றைத் திரும்பப் பெற்றிருப்பார். அதனால் "முதல் பதிப்பு மட்டுமே சேகரிக்கத் தகுந்தது" என்ற புத்தகச் சந்தை விதியை அப்படியே இங்கே கொண்டுவந்தால் நிறைய இழப்போம். கையில் இருக்கும் பணத்துக்கு எது சரி என்பதைச் சில பெரிய நூல்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

டார்வின்: 1859க்கும் 1860க்கும் இடையே

'உயிரினங்களின் தோற்றம்' 1859 நவம்பர் 24 அன்று லண்டனில் ஜான் மர்ரி வெளியீடாக வந்தது. அச்சானவை 1,250 படிகள். இரண்டாம் பதிப்பு 1860 ஜனவரியில், 3,000 படிகள். இரண்டுக்கும் பச்சைத் துணி அட்டை, இரண்டிலும் பக்க எண் 502 வரை போகிறது. அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் வித்தியாசம் தெரியாது. விலையிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். 2009இல் லண்டன் கிறிஸ்டிஸ் ஏலத்தில் ஒரு முதல் பதிப்பு 1,03,250 பவுண்டுக்குப் போனது. அதை விற்ற குடும்பம் அந்தப் படியை விருந்தினர் கழிவறை அலமாரியில் வைத்திருந்ததாம். நல்ல படிகள் அதன் பிறகு இன்னும் மேலே போயிருக்கின்றன. இரண்டாம் பதிப்பு அதில் சிறு பங்குக்கே கிடைக்கும்.

முதல் பதிப்பு என்று சொல்லி ஒரு படி கையில் வந்தால் பார்க்க வேண்டிய இடங்கள் வரிசையாக இவை. முன்தலைப்புத் தாளின் (தலைப்புத் தாளுக்கு முன் நூற்பெயர் மட்டும் இருக்கும் தாள்) பின்புறம் இரண்டே மேற்கோள்கள் இருக்க வேண்டும்: ஹியூவெல், பேகன். பட்லரும் சேர்ந்து மூன்றாக இருந்தால் அது இரண்டாம் பதிப்பு. தலைப்புத் தாளில் 'ஐந்தாம் ஆயிரம்' என்ற வரி (அதுவரை அச்சான படிகளின் ஆயிரக் கணக்கு) இருக்கக் கூடாது. அதுவும் இரண்டாம் பதிப்பின் அடையாளம். 20ஆம் பக்கம் 11ஆம் வரியில் 'ஸ்பீஷீஸ்' என்ற ஆங்கிலச் சொல்லில் 'சி'க்கும் 'ஐ'க்கும் நடுவே ஓர் 'ஈ' (e) கூடுதலாக விழுந்து 'speceies' என்று இருக்கும். அடுத்த பதிப்பில் அந்தப் பிழை இல்லை. 117ஆம் பக்கத்துக்கு எதிரே ஒரே ஒரு மடிப்புப் படம், கிளை கிளையாகப் பிரியும் அந்தப் புகழ்பெற்ற வரைபடம். நூலின் கடைசியில் 1859 ஜூன் தேதியிட்ட 32 பக்க வெளியீட்டாளர் விளம்பரப் பட்டியல்.

184ஆம் பக்கத்தைக் கட்டாயம் படித்துப் பாருங்கள். வாயைத் திறந்தபடி மணிக்கணக்கில் நீந்தும் கருங்கரடியைச் சொல்லி, அப்படிப்பட்ட கரடிக் கூட்டம் இயற்கைத் தேர்வால் திமிங்கலம் போன்ற பெரும் விலங்காகவே ஆகக்கூடும் என்று டார்வின் எழுதியிருப்பார். கேலி கிளம்பியது. இரண்டாம் பதிப்பில் கரடி நீந்துகிறது, ஆனால் திமிங்கலமாக மாறும் பகுதி போய்விட்டது. அதே இரண்டாம் பதிப்பின் கடைசி வாக்கியத்தில் உயிருக்கு மூச்சு ஊதப்பட்டதாக வரும் இடத்தில் 'படைத்தவனால்' என்ற சொல் புதிதாக நுழைந்தது. இடையில் ஆறு வாரம்தான். ஒரு மனிதர் தன் காலத்தோடு பேரம் பேசியதை இந்த இரண்டு இடங்களும் காட்டுகின்றன. அதைக் காண இரண்டாம் பதிப்பும் வேண்டும்.

மூன்றாவதிலிருந்து ஆறாவது வரை

1861இல் வந்த மூன்றாம் பதிப்பில், தனக்கு முன் இதே திசையில் யோசித்தவர்களைப் பற்றிய வரலாற்றுக் குறிப்பு சேர்ந்தது. நான்காவது (1866) சேகரிப்பாளர்களிடம் அதிகம் மதிப்புப் பெறாதது. வரிசையை முழுமையாக்க விரும்புபவர்களுக்கு மட்டும். ஐந்தாவது (1869) வேறு கதை. தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சரிடமிருந்து எடுத்த 'தகுதியுள்ளது தப்பிப் பிழைக்கும்' என்ற தொடர் டார்வினின் நூலில் முதன்முதலாக வருவது இதில்தான். டார்வின் என்றாலே பலரும் சொல்லும் அந்தத் தொடர் 1859 பதிப்பில் கிடையாது என்பது, பெரும் பணம் கொடுத்து வாங்கிய சிலருக்கே தெரியாது.

ஆறாவது (1872) சிறிய எழுத்தில், மலிவு விலையில் வந்த மக்கள் பதிப்பு. 'எவல்யூஷன்' (பரிணாமம்) என்ற சொல் இதில்தான் முதலில் வருகிறது. உயிரியலாளர் மிவார்ட்டின் எதிர்ப்புகளுக்குப் பதிலாக ஒரு முழு அத்தியாயம், கடைசியில் கலைச்சொல் விளக்கம். நூற்பெயரின் தொடக்கத்தில் இருந்த 'ஆன்' (On) என்ற ஆங்கிலச் சொல்லும் போனது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஆறாம் பதிப்பு பல ஆண்டுகள் மறு அச்சானது. தலைப்புத் தாளில் 'பதினோராம் ஆயிரம்' என்றும் 1872 என்றும் இருந்தால்தான் முதல் அச்சு. 1876ஆம் ஆண்டு அச்சில் டார்வின் இறுதியாகச் செய்த திருத்தங்கள் உள்ளன. அதுவும் வாங்கத் தகுந்ததே. அதற்குப் பின் வந்தவை படிக்க உதவும், சேகரிப்புக்கு அவ்வளவாக இல்லை.

தலைப்புத் தாள் நகல், மடிப்புப் படம் இல்லை, அட்டை மாற்றியது என்று இருக்கும் 1859 படி ஒன்றுக்குச் செலவழிக்கும் பணத்தில், பழைய துணி அட்டையோடு சுத்தமான 1860, 1869, 1872 மூன்றையும் வாங்கிவிட்டு மிச்சமும் பிடிக்கலாம். இந்த இடத்தில் தயக்கமே வேண்டாம்: மூன்றையும் வாங்குங்கள். 1859 உரையைப் படிக்க ஹார்வர்டு 1964இல் வெளியிட்ட நிழற்பதிப்பு (பக்கங்களை அப்படியே படியெடுத்த பதிப்பு) போதும்.

நியூட்டன்: வரம்பு வேறு

இயக்க விதிகளையும் ஈர்ப்பையும் சொல்லும் 'பிரின்சிபியா' 1687இல் வந்தது. செலவை ஏற்றவர் வானியலாளர் ஹாலி; லண்டன் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி அதற்கு முந்தைய ஆண்டு மீன்களைப் பற்றிய ஒரு பெரிய நூலில் பணத்தை முடக்கியிருந்தது. நெடுங்காலமாக இதன் அச்சு எண்ணிக்கை 250 முதல் 400 வரை என்று சொல்லப்பட்டு வந்தது. 2020இல் வெளியான கணக்கெடுப்பில் 380க்கும் மேற்பட்ட படிகள் இருப்பது தெரிந்தது. அச்சானவை 600 அல்லது அதற்கும் மேல் இருக்கலாம் என்று இப்போது கருதுகிறார்கள். விலை அதனால் இறங்கிவிடவில்லை. 2016இல் நியூயார்க்கில் ஒரு படி 37 லட்சம் டாலருக்கு மேல் போனது.

எனவே பெரும்பாலானோருக்கு உண்மையான போட்டி 1713க்கும் 1726க்கும் இடையேதான். 1713 கேம்பிரிட்ஜ் பதிப்பைக் கணிதவியலாளர் ரோஜர் கோட்ஸ் வரிக்கு வரி சோதித்துத் திருத்தினார். 'நான் கருதுகோள்களைப் புனைவதில்லை' என்ற வாசகம் உள்ள பொதுக் குறிப்பு முதலில் வருவது இதில். முதல் பதிப்பில் 'கருதுகோள்கள்' என்று பெயரிட்டிருந்த பகுதி இங்கே 'தத்துவ விதிகள்' என்று மாறுகிறது. 1726 லண்டன் பதிப்பு நியூட்டன் உயிரோடு இருந்தபோது வந்த கடைசிப் பதிப்பு. நான்காம் விதி இதில் சேர்ந்தது. 1,250 படிகள் அச்சானதால் எளிதில் கிடைக்கும். இரண்டில் 1713தான் மேல். பொறி என்னவென்றால், அதே உரையை ஆம்ஸ்டர்டாமில் 1714இலும் 1723இலும் மறு அச்சடித்தார்கள். 'இரண்டாம் பதிப்பு' என்று விற்பவர் எந்த ஊர், எந்த ஆண்டு என்று சொல்லாவிட்டால் விலை பேசவே வேண்டாம். லத்தீன் தெரியாதவர்கள் ஆண்ட்ரூ மோட்டின் 1729 ஆங்கில மொழிபெயர்ப்பை நாடலாம். அது இரண்டு தொகுதி. ஒரே ஜோடியா, வேறு வேறு படிகளிலிருந்து சேர்த்ததா என்று பாருங்கள்.

இருபதாம் நூற்றாண்டு: இதழா, தனிப்படியா

இங்கே நூலே இல்லை, கட்டுரைதான். ஐன்ஸ்டீனின் 1905ஆம் ஆண்டுச் சார்பியல் கட்டுரை 'அன்னாலன் டெர் ஃபிசிக்' என்ற ஜெர்மன் இயற்பியல் இதழின் 17ஆம் தொகுதியில், 891ஆம் பக்கம் முதல் 921 வரை. ஒளிக் குவாண்டம், பிரௌனிய இயக்கம் பற்றிய கட்டுரைகளும் அதே தொகுதியில். ஆற்றலும் நிறையும் சமம் என்ற மூன்று பக்கக் கட்டுரை 18ஆம் தொகுதியில். ஒரு கட்டுரையை மட்டும் தனியே அச்சிட்டு ஆசிரியருக்குக் கொடுத்த தனிப்படிகள் மிக அரிது. விலை தொகுதியைப் போலப் பல மடங்கு. தொகுதி கிடைக்கும், ஆனால் நூலக முத்திரையோடு, மறு பைண்டிங்கோடு, பழுப்பேறிய தாளோடு. 1687இன் கந்தல் துணித் தாள் இன்றும் வளைந்து கொடுக்கும். 1905இன் மரக்கூழ்த் தாள் ஓரத்தில் பொடிகிறது.

மோசடியும் தனிப்படியில்தான் அதிகம். தொகுதியைப் பிரித்து ஒரு கட்டுரையை மட்டும் உருவி, பழைய தாளில் உறை போட்டு 'தனிப்படி' என்று விற்பார்கள். கண்டுபிடிப்பது எளிது: உருவிய கட்டுரையில் முந்தைய கட்டுரையின் வாலோ அடுத்ததின் தலையோ ஒட்டிக்கொண்டிருக்கும். வாட்சன், கிரிக் இருவரின் டிஎன்ஏ கட்டுரை 'நேச்சர்' 1953 ஏப்ரல் 25 இதழில் 737ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. அந்தப் பக்கத்தின் மேலே கடலாய்வுக் கட்டுரை ஒன்றின் நன்றியுரை இருக்கும். அது இருந்தால் இதழிலிருந்து வந்த தாள். உண்மையான தனிப்படியில் வில்கின்ஸ் குழுவின் கட்டுரையும், ஃபிராங்க்ளின், காஸ்லிங் இருவரின் கட்டுரையும் சேர்த்து மூன்றும் இருக்கும்.

தனிப்படிக்கு வசதி இல்லையென்றால் ஐன்ஸ்டீனுக்கு முழுத் தொகுதி நல்ல தேர்வு. ஒரே கட்டில் மூன்று கட்டுரை. 'நேச்சர்' என்றால் பைண்டு செய்த தொகுதியைவிட, அட்டையும் விளம்பரமும் கழற்றாத அந்த வாரத்து இதழைத் தேடுங்கள். நூலகங்கள் பைண்டு செய்யும்போது இரண்டையும் வெட்டி எறிந்ததால் முழு இதழ்தான் அரிது.

எந்தப் படியானாலும்

புற ஊதா விளக்கு ஒன்று வாங்குங்கள். 1950க்குப் பின் வந்த தாள்கள் பலவற்றில் வெளுப்பூட்டும் சாயம் உண்டு. விளக்கடியில் நீல வெள்ளையாக ஒளிரும். 1859 நூலில் ஒரு தாள் மட்டும் அப்படி மின்னினால் அது பின்னால் செருகிய நகல். ஒளிராவிட்டால் அசல் என்று முடிவு கட்டிவிட வேண்டாம், பழைய வெற்றுத்தாளில் அச்சடிப்பவர்களும் உண்டு. இரண்டு குறைப்படிகளைப் பிரித்து ஒரு முழுப்படியாகத் தைப்பதும் நடக்கும். பூச்சித் துளையைப் பின்தொடர்ந்து பாருங்கள்: தொடர்ந்து வந்த துளை ஒரு தாளில் மட்டும் இல்லாவிட்டால் அந்தத் தாள் வேறு வீட்டிலிருந்து வந்தது.

கலிலியோவின் 1610 நிலா நூலின் ஒரு படி 2005இல் நியூயார்க் வணிகர் ஒருவரிடம் வந்தது. நிலாப் படங்கள் கலிலியோவே தீட்டிய நீர்வண்ணம் என்று ஆய்வாளர்கள் நம்பினார்கள், ஆய்வு நூலே வெளியிட்டார்கள். 2012இல் வரலாற்றாசிரியர் நிக் வைல்டிங் அது போலி என்று காட்டினார். எழுத்துகள் ஃபோட்டோபாலிமர் தகட்டில் (இக்காலத்து பிளாஸ்டிக் அச்சுத் தகடு) அச்சடித்தவை. அந்த நிபுணர்களையே ஏமாற்றிய ஒன்று ஏலப் பட்டியலின் புகைப்படத்தை மட்டும் பார்ப்பவரை எளிதாக ஏமாற்றும். வாங்குமுன் ஒவ்வொரு பக்கத்தையும் நம்பகமான நூலகம் ஒன்றின் மின்படியோடு ஒப்பிடுங்கள். டார்வினின் ஆறு பதிப்பும் இணையத்தில் முழுமையாக உண்டு. சூரியனை மையமாக வைத்த கோபர்னிகஸ் நூலின் 1543, 1566 பதிப்புகளுக்கு வானியல் வரலாற்றாசிரியர் ஓவன் கிங்கரிச் உலகெங்கும் சென்று சுமார் 600 படிகளைக் கணக்கெடுத்தார். ஓரக் குறிப்பு, மை அடித்த வரி வரை பதிவு உண்டு. திருட்டுப் படியை அடையாளம் காண அது உதவியிருக்கிறது. விற்பவர் காட்டும் கோபர்னிகஸ் படியில் முந்தைய உரிமையாளர் பெயர் சுரண்டப்பட்டிருந்தால் முதலில் அந்தக் கணக்கெடுப்பில் தேடுங்கள்.