சென்னையில் திருடனை விட ரோட்டுக்குத்தான் பயப்படணும்

மெல்பனில் கிளம்பும்போது தோழிகள் சொன்ன எச்சரிக்கை எல்லாம் திருட்டைப் பற்றித்தான். செயினைக் கழட்டி வை, ரோட்டில் போனை எடுக்காதே, இருட்டினால் தனியாகப் போகாதே. காரணமில்லாமல் இல்லை. 2025 மார்ச் 25 காலையில் சென்னையில் அடுத்தடுத்துப் பல இடங்களில் செயின் பறித்துவிட்டு, அதே நாள் விமானமேறப் பார்த்தவர்களை ஏர்போர்ட்டிலேயே போலீஸ் மடக்கியது ஊரறிந்த கதை. ஆனால் டிசம்பர் லீவில் மகளோடு நங்கநல்லூரில் தங்கி, கச்சேரி, கடை, சொந்தக்காரர் வீடு என்று அலைந்த பிறகு என் பயப் பட்டியலே மாறிவிட்டது. செயின் கீழே போய், ரோடு மேலே வந்துவிட்டது. 2023-இல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1.7 லட்சத்துக்கும் மேல். அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் வண்டியே ஓட்டாமல் நடந்து போனவர்.

முதலில் ஏர்போர்ட். பகலில் இறங்கினால் மெட்ரோதான் நிம்மதி. நங்கநல்லூர் ரோடு ஸ்டேஷன் இரண்டாவது நிறுத்தம், டாக்ஸி ஸ்டாண்டில் நிற்கும் நேரத்தில் வீட்டுக்கே போய்விடலாம். ஆனால் மெட்ரோ ராத்திரி பதினொரு மணி வாக்கில் முடிந்துவிடும், வெளிநாட்டு விமானங்களோ அதை ஒட்டித்தான் வந்து இறங்குகின்றன. ஆப்பில் பிடிக்கும் கார்கள் வாசலுக்கு வராது, மல்டிலெவல் பார்க்கிங்குக்குத்தான் பெட்டியோடு போகணும். லோக்கல் சிம் இல்லாமல் அகால நேரத்தில் அங்கே போய் டிரைவரைத் தேடுவதை விட, ப்ரீபெய்டு டாக்ஸி கவுண்டரில் காசு கட்டி, ரசீதில் இருக்கும் வண்டி நம்பரைப் பார்த்து ஏறுவது மேல். ரசீதை வீட்டு வாசலில் இறங்கியதும்தான் டிரைவரிடம் கொடுக்கணும் என்பது அப்பாவின் கண்டிப்பு. "சார், சின்னதா ஒரு டிப்ஸ்" என்று வெளியே பெட்டி வைத்த டிராலியைத் தள்ளிக்கொண்டே கூட வருபவர்களை "வேணாம்ணா" என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருந்தால் போதும்.

சிம் கார்டு மறுநாளே வாங்கிவிடுங்கள். சொகுசுக்காக இல்லை. இங்கே ஆப்பில் பிடித்த ஆட்டோ, கார் எதில் ஏறினாலும் ஓடிபி சொல்லணும், டிரைவர் போன் செய்து "எங்க நிக்கறீங்க மேடம்?" என்று கேட்பார். ஆஸ்திரேலிய நம்பரைப் பார்த்தாலே பாதிப் பேர் எடுக்க மாட்டார்கள். அப்படியே அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, பெண்களுக்கான 181 மூன்றையும் மகளின் போனிலும் ஏற்றி வைத்தேன்.

ஆட்டோ விஷயத்தில் பழைய சென்னைதான். 2013-இல் அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தக் காசுக்கு யாரும் வர மாட்டார்கள், வரணும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. கடுப்பு வேறு இடத்தில். ஆப்பில் புக் செய்தால் போன் வரும்: "டிராப் எங்க? எவ்ளோ காட்டுது? மேல அம்பது போட்டுக் குடுங்க." சரி என்றாலும் சில பேர் "கேன்சல் பண்ணிடுங்க, அதே காசுக்கு நானே வரேன்" என்பார்கள். அங்கேதான் உஷாராக இருக்கணும். கேன்சல் செய்த அடுத்த நிமிஷம் நீங்கள் யார் வண்டியில் போகிறீர்கள் என்று எங்கேயும் பதிவில்லை. அம்பதைக் கொடுத்தாலும் பரவாயில்லை, புக்கிங்கை விடாதீர்கள். வண்டி நம்பர் ஆப்பில் காட்டுவதும் எதிரில் நிற்பதும் ஒன்றா என்று பார்த்துவிட்டு, டிரிப் லிங்க்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஏறுவோம். தேனாம்பேட்டை வரை மெட்ரோ, அங்கிருந்து மயிலாப்பூருக்கு ஆட்டோ என்று பிரித்துக்கொண்ட பிறகு பேரமும் குறைந்தது, நேரமும் மிச்சம். மெட்ரோவில் பெண்களுக்குத் தனிப் பெட்டி இருக்கிறது, பையை ஸ்கேன் செய்துதான் உள்ளே விடுகிறார்கள்.

இனி நடை. லஸ், பனகல் பார்க் பக்கமெல்லாம் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காகத் தகரத் தடுப்பு வைத்து ரோட்டைச் சுருக்கியிருக்கிறார்கள். இருக்கிற பிளாட்பாரத்தில் டிரான்ஸ்பார்மர், இளநீர்க் கடை, நிறுத்திய பைக். மேப் காட்டும் 'பத்து நிமிஷ நடை' இருபது ஆகும், அதிலும் பாதி ரோட்டின் மேல்தான். ஒன்வே என்று நம்பி ஒரு பக்கம் மட்டும் பார்க்காதீர்கள், ராங் சைடில் பைக் வரும்.

கிராஸ் செய்வது தனிக் கலை. பச்சை மனிதன் சிக்னலைப் பார்த்தே வளர்ந்த என் மகள் உஸ்மான் ரோட்டில் ஒரு காலை வைப்பாள், பின்னால் இழுப்பாள். பக்கத்தில் காய்கறிப் பையோடு நின்ற அம்மா ஒருவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "ஓடாத, நடுவுல நிக்காத. கைய நீட்டினு ஒரே வேகத்துல வா. நீ எப்படி வர்றன்னு வண்டிக்காரனுக்குத் தெரியணும், அவ்ளோதான்." பஸ் வந்தபோது மட்டும் நிறுத்தினார்: "இவன் நிக்க மாட்டான்." அக்கரை சேர்ந்ததும் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். கூட்டம் கடக்கும்போது அதோடு ஒட்டிக்கொண்டு கடப்பதுதான் பத்திரம். மாம்பலம் ஸ்டேஷனில் இருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டு வரை 2023-இல் திறந்த ஆகாய நடைபாதை இருக்கிறது, லிஃப்டும் உண்டு. முழங்கால் வலிக்காரர்களை அதில் கூட்டிப் போங்கள். இதுபோல் இன்னும் பத்து கட்டினால் கும்பிடு போடலாம்.

மழை பெய்தால் கணக்கு தலைகீழ். எப்போதும் ஓரமாக நட என்று சொல்கிற அத்தை, தண்ணீர் தேங்கினால் ஓரத்துக்கே போகாதே என்பார். கால்வாய் மூடி எங்கே திறந்திருக்கும் என்று தெரியாது. கம்பம், ஈ.பி. பாக்ஸ் எதிலும் கை வைக்கக் கூடாது. சுரங்கப்பாதை மூடிவிடுவார்கள், அதனால் ஏர்போர்ட் போகிற நாள் மழையாக இருந்தால் காரை நம்பாமல் மெட்ரோ ஓடும் நேரத்திலேயே கிளம்பிவிடுவது உத்தமம்.

பைக் டாக்ஸி? மகள் கடைசி நாள் வரை கேட்டாள். கச்சேரி முடிந்து ஆட்டோ கிடைக்காமல் நிற்கும்போது எனக்கே சபலம் தட்டியது. ஓட்டுபவர் நீட்டும் ஹெல்மெட்டைப் பார்த்தேன். வார் இருந்தது, கொக்கி இல்லை. வேண்டாம் என்றுவிட்டேன்.