‘ஆராய்ச்சி லேசர்’ ஈறு வைத்தியம்: 42,000 ரூபாய் கட்டியவருக்கு நடந்தது

பல் தேய்த்தால் ரத்தம். காலையில் எழுந்ததும் வாய் நாற்றம். கீழ் முன்பற்களில் லேசான ஆட்டம். 47 வயது மளிகைக் கடைக்காரர், எட்டு வருடமாகச் சர்க்கரை. இந்தத் தொந்தரவுகளோடு ஒரு தனியார் பல் மருத்துவமனைக்குப் போனவர் ஏழு மாதத்தில் 42,000 ரூபாய் செலவழித்து, ஒரு கடைவாய்ப்பல்லையும் இழந்து நிற்கிறார். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார். இதே கதையோடு இன்னும் பலர் வருவதால்தான் நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் நாள் பரிசோதனை பத்தே நிமிடம். கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள், செல்போனில் படம் எடுத்தார்கள். "ஆறு மாசத்துல எல்லாப் பல்லும் கொட்டிடும் சார். கத்தி இல்ல, தையல் இல்ல, லேசர்லயே சரி பண்ணிடலாம். ரிசர்ச்ல ப்ரூவ் ஆனது. இன்னைக்கே புக் பண்ணா இருபது பர்சென்ட் குறைச்சுக்கலாம்." லேமினேட் செய்த ஓர் ஆங்கிலத் தாளையும் காட்டியிருக்கிறார்கள். நான்கு முறை வரவழைத்து, ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் லேசர் வைத்தார்கள். எக்ஸ்ரே எடுக்கவில்லை. சர்க்கரை ரிப்போர்ட்டைக் கேட்கவில்லை. மரத்துப்போக ஊசி போடவில்லை. மூன்றாம் முறை போனபோது இரண்டு பக்க ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். "போட்டோ எடுக்கறதுக்குத்தான் சார்" என்றார்களாம். நகல் தரவில்லை.

முதல் இரண்டு மாதம் ரத்தம் நின்றிருந்தது. நம்பிக்கையோடு தன் மைத்துனரையும் அங்கே அனுப்பிவைத்தார். ஐந்தாம் மாதம் கீழ் வலது கடைவாய்ப் பக்கம் வீங்கிச் சீழ் வந்தது. மாத்திரையும் வாய் கொப்பளிக்கும் மருந்தும் கொடுத்தார்கள். கொப்பளிப்பதை எப்போது நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லாததால் அவர் நிறுத்தவே இல்லை. பல்லெல்லாம் பழுப்பாகி, நாக்கில் உப்புச் சுவை தெரியாமல் போன பிறகுதான் வேறு இடம் தேடி வந்தார்.

அந்தக் கொப்பளிப்பு மருந்து 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின். ஒரு வேளைக்கு 10 மில்லி, ஒரு நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை. இரண்டு வாரம் போதும். பேஸ்ட் போட்டுத் தேய்த்ததும் கொப்பளித்தால் பேஸ்ட்டில் உள்ள நுரைப்பொருள் மருந்தைக் கெடுத்துவிடும், அரை மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் கறையும் சுவைக் குறைவும் வரும். முக்கியமாக, இது ஈறுக்கு மேலேதான் வேலை செய்யும், பாக்கெட்டுக்குள் இறங்காது.

பாக்கெட் என்பதுதான் விஷயமே. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் இயல்பாகவே ஒரு சின்னப் பள்ளம் உண்டு. 3 மில்லிமீட்டர் வரை கவலையில்லை. நோய் வந்தால் பல்லைப் பிடித்திருக்கும் நார்கள் அறுந்து, எலும்பு கரைந்து, பள்ளம் ஆழமாகும். 6 மி.மீ.யும் அதற்கு மேலும் என்றால் ஆழமான பாக்கெட். இதைக் கண்ணால் பார்த்தோ போட்டோ எடுத்தோ சொல்ல முடியாது. அளக்கத்தான் வேண்டும்.

அளக்கும் கருவி பேனாவைவிட மெல்லிய ஓர் எஃகுக் கம்பி, முனை மழுங்கல். பல கல்லூரிகளில் பயன்படும் வில்லியம்ஸ் புரோபில் 1, 2, 3, 5, 7, 8, 9, 10 என்று கோடுகள் இருக்கும். படிக்கும்போது குழம்பக் கூடாது என்று 4ஐயும் 6ஐயும் விட்டிருப்பார்கள். நகத்துக்கு அடியில் வைத்து அழுத்தினால் வலிக்காத அளவு, அதாவது சுமார் 20 முதல் 25 கிராம், அவ்வளவு அழுத்தம்தான் தேவை. ஈறு ஓரமாக உள்ளே விட்டுப் பல்லைச் சுற்றி நடத்திக்கொண்டே வெளிப்பக்கம் மூன்று இடம், உள்பக்கம் மூன்று இடம் படிக்க வேண்டும். மருத்துவர் "மூணு, ரெண்டு, நாலு, ரத்தம்" என்று சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதுவார். இந்தக் குரல் கேட்காத ஈறுப் பரிசோதனை, பரிசோதனையே அல்ல.

அவருக்கு இருந்தவை 26 பற்கள். 156 இடங்களில் அளந்ததில் 58 இடங்கள் 5 மி.மீ. அல்லது அதற்கு மேல். வீங்கிய கடைவாய்ப்பல்லில் 9 மி.மீ., இரண்டு வேருக்கு நடுவில் கம்பி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது. அதை எடுக்க வேண்டியதாயிற்று. எடுத்த பல்லைக் கழுவிப் பார்த்தபோது வேரின் பாதி வரை கருங்காரை, அதாவது பல்லில் படிந்து கல்லாக இறுகிய அழுக்கு, ஓடு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. நான்கு முறை லேசர் வைத்தும் அந்தக் காரையில் ஒரு கீறலும் இல்லை.

அது ஏன் என்பது லேசரின் இயற்பியலிலேயே இருக்கிறது. சாதாரணப் பல் மருத்துவமனைகளில் இருப்பது பெரும்பாலும் டயோட் லேசர். அதன் அலைநீளம் 810, 940 அல்லது 980 நானோமீட்டர். ரத்தச் சிவப்பும் நிறமியும் இந்த ஒளியை உறிஞ்சிச் சூடாகும். ஆகவே இது ஈறுத் தசையை வெட்டும், பாக்கெட்டின் உள்தோலைச் சுடும், ரத்தத்தை உறைய வைக்கும். காரையைப் பெயர்த்து எடுக்காது. வேரோடு ஒட்டிய காரையை எடுக்க வல்லது 2,940 நானோமீட்டர் எர்பியம் யாக் வகை. அதன் விலை பல மடங்கு என்பதால் எல்லா இடத்திலும் இருக்காது. டயோட் வைத்த பிறகு சிவப்பும் ரத்தமும் குறைவது உண்மை. மேல்வாசலைப் பூசி மெழுகிவிட்டு உள்ளே குப்பையை அப்படியே விட்டால் வீடு எப்படி இருக்குமோ, அதுதான் இரண்டு மாத நிம்மதிக்குக் காரணம். இன்னொரு ஆபத்தும் உண்டு. எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே சேதப்படும் என்று ஸ்வீடனில் முயல் எலும்பை வைத்து 1983லேயே காட்டிவிட்டார்கள். லேசர் ஒளி வரும் ஃபைபர் முனையை நகர்த்தாமல் ஒரே இடத்தில் பிடிப்பவர் கையில் இது சாதாரணக் கருவி அல்ல.

"ரிசர்ச்ல ப்ரூவ் ஆனது" என்ற சொல்லுக்கு வருவோம். எங்களுக்குக் கோபம் வருவது இங்கேதான். ஈறுநோய்க்கு நல்ல ஆராய்ச்சி நிறையவே இருக்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான கணக்குப்படி, கருவியால் ஈறுக்கடியில் சுத்தம் செய்வது மட்டுமே ஆறிலிருந்து எட்டு மாதத்தில் சராசரியாக 1.7 மி.மீ. ஆழத்தைக் குறைக்கிறது, பாக்கெட்டுகளில் 74 சதவீதம் மூடிக்கொள்கின்றன. லேசரோ ஜெல்லோ எதுவானாலும் இதற்கு மேல் என்ன தருகிறது என்பதுதான் கேள்வி. சுத்தம் செய்துவிட்டு லேசரும் வைத்து, ஒப்பிட வேறு குழு இல்லாமல் "2 மி.மீ. குறைந்தது" என்று எழுதினால், அந்தப் பெருமையில் பெரும்பங்கு சுத்தம் செய்த கையுடையது. ஒப்பிட்ட குழு இருந்தும் வித்தியாசம் 0.3 மி.மீ. என்றால் அது தாளில் மட்டும் வெற்றி. ஒரே இடத்தை ஒரே மருத்துவர் இரண்டு தடவை அளந்தாலே 1 மி.மீ. வரை மாறும். எத்தனை மாதம் தொடர்ந்து பார்த்தார்கள், அளந்தவருக்கு எந்தப் பக்கம் லேசர் வைத்தது என்று தெரியுமா தெரியாதா, இந்த இரண்டையும் கேளுங்கள். ஒரு மாத முடிவை வைத்து ஈறுநோயைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. ஐரோப்பிய ஈறுநோய் மருத்துவக் கூட்டமைப்பு இவற்றையெல்லாம் அலசி 2020இல் வெளியிட்ட வழிகாட்டி, சுத்தம் செய்வதோடு லேசரைச் சேர்க்கப் பரிந்துரைக்கவில்லை. லேசர் மட்டுமே போதும் என்பது அதைவிடத் தூரம்.

"ஆறு மாசத்துல கொட்டிடும்" என்ற பயமுறுத்தலுக்கும் பதில் ஆராய்ச்சியிலேயே இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களை ஹாரல்ட் லோ என்ற நார்வே ஆய்வாளரின் குழு 1970இலிருந்து 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. பிரஷ் பழக்கமோ பல் வைத்தியமோ எட்டாத மனிதர்கள். அப்படியிருந்தும் வேகமாகப் பற்களை இழந்தவர்கள் சுமார் 8 சதவீதம். 81 சதவீதம் பேருக்கு நிதானமாக முற்றியது. 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டிப் போகவே இல்லை. அந்த ஏழைத் தொழிலாளர்களின் வாயிலிருந்து கிடைத்த அறிவு இது, அதை மறைத்து ஒருவரைப் பயமுறுத்துவது பொறுக்க முடியாத விஷயம். சீழும் காய்ச்சலும் இல்லாத ஈறுநோய்க்கு இரண்டு வாரம் யோசித்து, இன்னொரு மருத்துவரிடம் கேட்டு முடிவெடுப்பதால் பல் போய்விடாது. கட்டுப்படாத சர்க்கரையும் புகையும் இருந்தால் வேகம் கூடும், அவர்கள் இரண்டு வாரத்தை இரண்டு மாதமாக்க வேண்டாம். புகைப்பவர்களுக்கு ஈறில் ரத்தம் குறைவாகவே வரும் என்பதால் ரத்தம் இல்லை என்று நம்பி இருந்துவிடவும் கூடாது.

சரியான வைத்தியம் பார்க்கக் கவர்ச்சியாக இருக்காது. முதலில் அளவுத் தாள், எக்ஸ்ரே, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை. பல் இடுக்குக்கான குட்டி பிரஷ்ஷை இடுக்கின் அகலத்துக்கு ஏற்ற அளவில் தேர்ந்தெடுத்து, நோயாளி கையாலேயே செய்ய வைத்துக் காட்டுவார்கள். இது தினமும் நடக்காவிட்டால் மற்றதெல்லாம் வீண். அடுத்து மரத்துப்போக ஊசி போட்டு, அல்ட்ராசோனிக் முனையாலும் கியூரெட் என்ற வளைந்த கைக்கருவியாலும் வேரைச் சுரண்டிச் சுத்தம் செய்வது. வாயை நான்கு பகுதியாகப் பிரித்துச் செய்தாலும், 24 மணி நேரத்துக்குள் முழு வாயையும் முடித்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். அவசரமாக மறுபடி அளக்கக் கூடாது, ஈறு ஆற வேண்டும். சுமார் மூன்று மாதம் கழித்து அதே இடங்களை அளந்து, 6 மி.மீ.யும் அதற்கு மேலும் நிற்கும் இடங்களுக்கு மட்டும், ஈறைத் திறந்து வேரைச் சுத்தம் செய்யும் ஃப்ளாப் அறுவை சிகிச்சையை யோசிப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் காரை தங்கிவிடுவதுதான் அங்கே பிரச்சினை, திறந்து பார்த்தால்தான் தீரும்.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஈறு ஆறும்போது வீக்கம் வடியும், பல் நீளமாகத் தெரியும், இடுக்கு விழும், சில வாரம் கூசும். "க்ளீன் பண்ணினா பல் ஆடும்" என்ற பேச்சு இதிலிருந்து வந்ததுதான். காரை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த பல்லில், காரை போனதும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. லேசர் வியாபாரம் இந்தப் பயத்தை வைத்துத்தான் நடக்கிறது.

"ஈறு சரியானா சர்க்கரை தானா இறங்கிடும்" என்றும் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2022இல் தொகுத்ததில், ஈறு சிகிச்சைக்குப் பின் மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி சராசரியாக 0.43 புள்ளி குறைகிறது. நல்ல உதவி. ஆனால் மருந்துக்கு மாற்று இல்லை. 2013இல் வெளியான, 514 பேர் கலந்துகொண்ட அமெரிக்க ஆய்வில் சர்க்கரையில் வித்தியாசமே வரவில்லை. அந்த ஆய்வில் சிகிச்சைக்குப் பிறகும் பலருக்கு ஈறில் ரத்தம் நிற்கவில்லை என்று விமர்சனம் எழுந்தது. ஈறே ஆறாமல் சர்க்கரை எப்படி இறங்கும்?

கடைசியாக அந்தப் படிவம். உங்களை ஆய்வில் சேர்க்கிறார்கள் என்றால் உங்களுக்குப் புரிகிற மொழியில், தமிழில், விளக்கத் தாள் தர வேண்டும். கையெழுத்திட்ட நகல் உங்களிடம் இருக்க வேண்டும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்க வேண்டும். இந்தியாவில் நடக்கும் சிகிச்சை ஆய்வுகளுக்கு சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேடு 2007இலிருந்து இருக்கிறது. அதன் பதிவு எண்ணைக் கேளுங்கள், ஆண்டு, மாதம், வரிசை எண் மூன்றும் அதில் இருக்கும். இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். வழக்கமான வைத்தியத்துக்கு மேல் ஆய்வுக்காகச் செய்வதற்கு உங்களிடம் காசு வாங்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான வைத்தியத்தை மறுக்கக் கூடாது. "ஆராய்ச்சி" என்று சொல்லிக் காசும் வாங்கினால் பதிவு எண்ணைக் கேட்டுவிட்டு எழுந்து வாருங்கள்.

செலவு கட்டுப்படியாகாதவர்கள் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் ஈறு நோய்த் துறைக்குப் போகலாம். சென்னையில் உள்ளது பழைமையான கல்லூரி. வரிசையும் நேரமும் ஆகும், ஆனால் மாணவர்கள் அளவுத் தாள் எழுதாமல் கருவியைத் தொட விடமாட்டார்கள்.

மளிகைக் கடைக்காரருக்கு மூன்று மாதம் கழித்து அளந்ததில் 5 மி.மீ.யும் அதற்கு மேலும் உள்ள இடங்கள் 58இலிருந்து 17. கீழ் முன்பற்களைக் கம்பியால் சேர்த்துக் கட்டியிருக்கிறது. எச்பிஏ1சி 9.4இலிருந்து 8.1. சர்க்கரை மருத்துவர் மாத்திரையையும் மாற்றியதால் அது ஈறு வைத்தியத்தின் கணக்கில் சேராது. நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்கு ஆணையத்தில் கட்டணம் இல்லை. தமிழ்நாடு பல் மருத்துவ மன்றத்திலும் தனியாக எழுதலாம். அவரிடம் மூன்று ரசீதுகள் இருக்கின்றன. நான்காவது தவணைக்கு ரசீது தரவில்லை, ஜிபேயில் அனுப்பியதன் ஸ்க்ரீன்ஷாட்டைத் தேடி எடுத்து வைத்திருக்கிறார்.